சாக்குக் கழிவு

கீழமாசி வீதியில் காலை ஆறரைக்கே
மல்லி நெடி தொண்டையைப் பிடிக்கும்.
இருபத்தோரு வருடமாக அந்தத் தும்மலோடு
கணக்கு எழுதுகிறேன்.

மூட்டைக்கு ஒரு கிலோ கழிவு.
யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை.
தராசில் ஏறியதும் சகாயம் எடையைக் கூவுவான்.
நாற்பத்தொன்று என்றால் என் பேனா
தானாக நாற்பது எழுதும்.

முதலாளி கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.
என் மனைவிக்கு ஸ்கேன் எடுத்த அன்று
கல்லாவிலிருந்து தந்தார், திருப்பிக் கேட்கவில்லை.
வியாபாரிகள் அள்ளி முகர்ந்து
கீழே உதறும் சாம்பிள் மல்லியை
சாயங்காலம் கூட்டித் தனியாக மூட்டை கட்டுவோம்.
சாமி மூட்டை என்று பெயர்.
சித்திரையில் அது நீர்மோராகும்.
யாருடைய மல்லி என்று சாமி கேட்டதில்லை.

போன மாசியில் பேரையூர்ப் பக்கமிருந்து
ஒன்பது மூட்டையோடு வந்தார் வீருசின்னம்மா.
வாங்க வருகிறவருக்கு நாற்காலி, எவர்சில்வர் டம்ளரில் காபி.
விற்க வருகிறவருக்குப் பேப்பர் கப்பில் டீ,
உட்கார அவரவர் மூட்டை.
முன்பெல்லாம் நான் கண்ணைக் காட்டுவேன்.
இப்போது டீக்கடைப் பையனே
காலைப் பார்த்து ஊற்றப் பழகிவிட்டான்.

பட்டியலில் ஒரு வரியில் அவர் விரல் நின்றது.
"இதென்ன ஒம்போது கிலோ?"
"சாக்குக் கழிவும்மா."
"எஞ் சாக்கு ஒரு கிலோ இருக்காதே."

அம்பாரத்தில் கொட்டிவிட்டுக் கிடந்த
வெறும் சாக்கு ஒன்றை எடுத்தார்.
உதறினார். நாலாக மடித்தார்.
தராசின் நடுவில் வைத்துவிட்டுக்
கையை எடுத்துக்கொண்டார்.
சிவப்பு எழுத்தில் 0.620.
சகாயம் அதைக் கூவவில்லை.

"ஊரு வழக்கம்மா" என்று சிரித்தார் முதலாளி.
"எங்க அப்பா காலத்துல ரெண்டு கிலோ.
நாந்தான் ஒண்ணாக் கொறைச்சேன்."
உண்மைதான்.
அந்தப் பழைய நோட்டுகள் என் தலைக்கு மேலே பரணில் இருக்கின்றன.

"கோதண்டம், எவ்வளவு வருது பாரு."
மூன்று கிலோ நானூற்று இருபது.
தொண்ணூறு ரூபாய் விலைக்கு
முந்நூற்று ஏழு ரூபாய் எண்பது காசு.
முந்நூற்றுப் பத்தாக எடுத்து நீட்டினார்.
"மிச்சத்துக்கு டீ குடிச்சுக்கம்மா."
"டீ இங்கயே குடிச்சாச்சு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து
ரெண்டு ரூபாய்க் காசைப் பட்டியல் மேல் வைத்தார்.
"இன்னும் இருபது காசு நாந் தரணும்.
அது இப்பச் செல்லாது.
அடுத்த வெள்ளாமையில கழிச்சுக்கங்க."

அவர் தெருவில் இறங்கிய பிறகு கேட்டேன்,
முந்நூற்றெட்டை எந்தக் கணக்கில் எழுத?
"தர்மத்துல எழுதுய்யா."

எழுதினேன்.
அதன் கீழே, யாரும் சொல்லாமல்,
வீருசின்னம்மா, பேரையூர்,
வரவேண்டியது காசு இருபது
என்றும் எழுதினேன்.
அந்தப் பக்கத்தில் கூட்டிப் பார்க்கத் தேவையில்லாத
ஒரே வரி.

ராத்திரி தூக்கமில்லை.
மகளின் பார்மசி படிப்புக்கு
முதலாளி கட்டிய முதல் தவணை நாற்பதாயிரம்.
மூட்டைக்கு முந்நூற்று எண்பது கிராம் என்றால்
ஆயிரத்து நூற்று எழுபது மூட்டை.
கால்குலேட்டரை இரண்டு தடவை தட்டினேன்,
குறையுமோ என்று.
அவள் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
"என்னப்பா இந்நேரத்துல?"
"கடைக் கணக்கு."

காலை ஆறரை. முதல் மூட்டை ஏறியது.
"நாப்பத்தொண்ணு" என்று கூவினான் சகாயம்.
கூவிவிட்டு, இதுவரை இல்லாத பழக்கமாக,
என் பேனாவைப் பார்த்தான்.